வயர்லெஸ் மிடி கீபோர்டு: தாமதமாக ஒலிக்கிறது, ஒரு கட்டை மட்டும் அலறுகிறது

சோழவந்தான் பஜனைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சோழவந்தானை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பகலில் வெற்றிலைக் கொடிக்கால், மாலையில் பஜனை மடத்தில் ஆர்மோனியம். துருத்தி போட்டே இடது தோள் போய்விட்டது. மடத்துப் பையன்கள் வேறு குழல் ஒலி வேண்டும், வீணை ஒலி வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். ஆகவே மதுரையில் ஒருவரிடமிருந்து 37 கட்டை உள்ள சிறிய வயர்லெஸ் மிடி (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று குறிப்பு அனுப்பிக்கொள்ளும் பொது முறை) கண்ட்ரோலர் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கினேன். அதற்குச் சொந்தமாக ஒலி கிடையாது, செல்பேசியோடோ லேப்டாப்போடோ சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது தெரிந்தே வாங்கியதுதான்.

செல்பேசியின் ப்ளூடூத் பட்டியலில் கண்ட்ரோலரின் பெயர் வருகிறது. தொட்டால் இணைந்துவிட்டதாகச் சொல்கிறது. பியானோ செயலியைத் திறந்து கட்டையை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் மகனின் விண்டோஸ் லேப்டாப்பிலும் இதே கதை: ப்ளூடூத் பட்டியலில் இருக்கிறது, இசை மென்பொருளில் இல்லை. நேற்று எங்கெங்கோ தட்டியதில் செல்பேசியில் எப்படியோ ஒலி வந்துவிட்டது. ஆனால் கட்டையை அழுத்தி, கொஞ்சம் பொறுத்து, அதன் பிறகுதான் ஸ்பீக்கரில் கேட்கிறது. ஸ்பீக்கரும் ப்ளூடூத்தான். "நான் தாளத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன், நீ வாசித்துவிட்டு வா" என்று தபேலாக்காரர் எழுந்துவிட்டார்.

இன்னொன்று. நடு ஸ்தாயியில் காந்தாரக் கட்டை மட்டும் எவ்வளவு மெல்லத் தொட்டாலும் அலறுகிறது. மற்ற கட்டைகள் எல்லாம் தொடுவதற்கேற்ப அடங்கியும் உயர்ந்தும் ஒலிக்கின்றன. விற்றவரைக் கேட்டால், அமைப்புகளில் போய் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்.

எங்கள் பாடகருக்கு நாலரைக் கட்டை சுருதி. வைகாசியில் ஊர்த் திருவிழாவில் மேடை போடுவார்கள். அங்கே இதை நம்பி எடுத்துப் போகலாமா?

ஆனையூர் பேடு:

ப்ளூடூத் எல்லாம் வீட்டில் விளையாடத்தான். யூஎஸ்பி கேபிளைச் செருகுங்கள், செல்பேசிக்கு ஓடிஜி இணைப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. நான் மேடையில் ரிதம் பேடு வாசிக்கிறவன். தாளத்தில் மயிரிழை பிசகினாலும் பாடகர் திரும்பி என்னைத்தான் முறைப்பார். வயர்லெஸ்ஸை நம்பி நான் ஒரு குச்சியைக்கூட எடுக்க மாட்டேன்.

மாசிவீதிப் பெரியவர்:

சோழவந்தான் தம்பிக்கு. கேபிள் போடச் சொன்னவர் பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் கேபிள் போட்ட பிறகும் உங்கள் ஸ்பீக்கர் ப்ளூடூத்தாகவே இருந்தால் தாமதம் இம்மியும் குறையாது. அப்போது கேபிளையும் சேர்த்துத் திட்டுவீர்கள். மெல்லிசை மேடைகளில் கீபோர்டு வாசித்துவிட்டு, இப்போது மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் கீபோர்டு பழுது பார்த்துப் பிழைக்கிறேன். வயர்லெஸ் சரியில்லை என்று கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலருக்கும் கோளாறு கீபோர்டில் இருப்பதில்லை. காதில் மாட்டியிருக்கும் ப்ளூடூத் இயர்போனில் இருக்கிறது. அதைக் கழற்றச் சொன்னால், இது புதியது ஐயா என்கிறார்கள்.

கண்ட்ரோலரிலிருந்து செல்பேசிக்குப் போவது ஒலி அல்ல, கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டைப் போல ஒரு குறிப்பு. சாதாரணமாக மூன்று பைட். கட்டை அழுத்தப்பட்டது, இன்ன சேனலில் (ஒரு தனித்தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) என்பது முதல் பைட். கட்டையின் எண் இரண்டாவது. நடு C என்றால் 60. அழுத்திய வேகம் மூன்றாவது; 127 வரை போகும். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் புராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜுபிடர்-6 கருவியையும் கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள். அன்று கம்பியில் போன மூன்று பைட்தான் இன்று உங்கள் மடத்தில் காற்றில் போகிறது. அந்த ஐந்து முள் கம்பியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு குறிப்பு போய்ச் சேர ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகும்.

ப்ளூடூத் மிடிக்குப் பொது விதி 2015இல் வந்தது. இதில் இரண்டு கருவிகளும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதில்லை. குறித்த இடைவெளிக்கு ஒரு முறை சந்தித்து, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பிரிகின்றன. அந்த இடைவெளி 15 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. 15 மில்லி விநாடி என்றால் ஐந்து மீட்டர். மடத்தில் உங்களுக்கு ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஜால்ரா தட்டுகிறவரின் ஓசை இதே தாமதத்தோடுதான் உங்கள் காதுக்கு வருகிறது. அதற்காக அவரை யாரும் எழுப்பி அனுப்பியதில்லை.

ப்ளூடூத் ஸ்பீக்கர் அப்படி அல்ல. அதற்குப் போவது குறிப்பு இல்லை, முழு ஒலி. செல்பேசி அந்த ஒலியைச் சுருக்க வேண்டும், கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்ப வேண்டும், ஸ்பீக்கர் அதை வாங்கி விரித்துப் பாட வேண்டும். இதற்கு 100 முதல் 300 மில்லி விநாடி வரை போய்விடும். பாட்டு கேட்கும்போது தெரியாது, ஏனென்றால் பாட்டு எப்போது தொடங்கியது என்று உங்கள் விரலுக்குத் தெரியாது. வாசிக்கும்போது தெரியும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற நடையில் ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடி, அதில் கால் பங்கு 125. 200 மில்லி விநாடி தாமதம் என்றால் தபேலாக்காரர் எழுந்துபோனது நியாயம்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கண்ட்ரோலரை அணைத்துவிடுங்கள். பியானோ செயலியில் திரையிலேயே வரும் கட்டையை விரலால் தட்டுங்கள், ஒலி ப்ளூடூத் ஸ்பீக்கரில் வரட்டும். அப்போதும் தாமதம் இருக்கிறதா? அப்படியானால் கண்ட்ரோலருக்கும் அந்தத் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்து, கம்பி உள்ள ஹெட்போனைச் செருகித் திரையில் தட்டுங்கள். பிறகு அதே ஹெட்போனோடு கண்ட்ரோலரை இணைத்து வாசியுங்கள். எந்தப் படியில் தாமதம் நுழைகிறது என்பது உங்கள் காதுக்கே தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது ஆனால் எதனால் என்று தெரியவில்லை என்று வந்து நிற்காதீர்கள்.

இனி இணைப்பு. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் செல்பேசியின் ப்ளூடூத் அமைப்பில் போய் இணைக்கக் கூடாது. நீங்கள் அங்கே இணைத்ததை நீக்குங்கள், "மறந்துவிடு" என்று இருக்கும். பிறகு இசைச் செயலிக்குள்ளேயே மிடி அமைப்பில் போய் அங்கிருந்து தேடி இணையுங்கள். உங்கள் செயலியில் அந்த வசதி இல்லை என்றால், ப்ளூடூத் மிடியை இணைத்துக் கொடுப்பதற்கென்றே தனிச் சிறு செயலிகள் இருக்கின்றன. அதில் இணைத்துவிட்டு அதை மூடாமல் பியானோ செயலிக்குப் போக வேண்டும். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை உள்ள செல்பேசி என்றால் இருப்பிட வசதியை இயக்கி, செயலிக்கு அதன் அனுமதியும் கொடுக்க வேண்டும். கீபோர்டு வாசிப்பதற்கு நான் எங்கே இருக்கிறேன் என்று ஏன் தெரிய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சுற்றியுள்ள ப்ளூடூத் கருவிகளைத் தேடினாலே ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியும் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனி அனுமதியே வந்துவிட்டது.

விண்டோஸ் நேர்மாறு. அங்கே ப்ளூடூத் அமைப்பில் முதலில் இணைக்கத்தான் வேண்டும். விண்டோஸ் 11இல் கருவியே பட்டியலில் வரவில்லை என்றால், சாதனங்களைக் கண்டறியும் முறையை மேம்பட்டது என்று மாற்றிவிட்டுத் தேடுங்கள். இணைத்த பிறகும் மென்பொருளில் தெரியாததற்குக் காரணம், விண்டோஸில் ப்ளூடூத் மிடி 2016இல் ஒரு புதிய வழியாக நுழைந்தது. பெரும்பாலான இசை மென்பொருட்கள் இன்னும் பழைய வழியில்தான் காது வைத்திருக்கின்றன. இரண்டையும் சேர்க்க, லூப்மிடி என்ற சிறு நிரலால் ஒரு பொய்யான மிடி வாசலை உருவாக்கி, மிடிபெர்ரி என்ற நிரலில் உள்ளே வருவதாகக் கண்ட்ரோலரையும் வெளியே போவதாக அந்த வாசலையும் காட்டுங்கள். இசை மென்பொருளில் அந்த வாசலைத் தேர்ந்தெடுங்கள். சுற்றுவழிதான், ஆனால் நடக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் யூஎஸ்பியில் செருகும் ப்ளூடூத் மிடி டாங்கிள் வாங்கிவிடலாம். லேப்டாப்புக்கு அது சாதாரண யூஎஸ்பி மிடி கருவியாகவே தெரியும்.

லேப்டாப்பில் ஒலித் தாமதம் வேறு வழியிலும் நுழையும். இசை மென்பொருளில் ஆசியோ டிரைவரை (ஒலியைக் குறைந்த தாமதத்தில் வெளியே அனுப்பும் நிரல்) தேர்ந்தெடுங்கள். தனி ஆடியோ கார்டு இல்லை என்றால் ஆசியோ4ஆல் இலவசம். பஃபர் அளவை, அதாவது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 256 சாம்பிளுக்கு இறக்குங்கள்: விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் அது 5.8 மில்லி விநாடி. 1024இல் விட்டுவைத்தால் 23. 128க்கு இறக்கும்போது ஒலி கரகரவென்று உடைந்தால் லேப்டாப்பால் முடியவில்லை என்று பொருள், மறுபடி ஏற்றிவிடுங்கள்.

காந்தாரக் கட்டைக்கு வருகிறேன். அமைப்பில் மாற்றினால் அது சரியாகாது. தொடு உணர்வின் அளவு எல்லாக் கட்டைகளுக்கும் பொது. ஒரே ஒரு கட்டை மட்டும் அலறினால் அது உள்ளே இருக்கும் பழுது. முதலில் மற்றவற்றை முடித்துவிட்டு வாருங்கள், அதைத் தனியாகப் பேசுவோம்.

பசுமலை குவையர்:

பெரியவர் ஐயா சொன்னதோடு மேடைக்கான ஒன்றிரண்டு சேர்க்கிறேன், தம்பி. நான் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். ஐபேடும் அதில் கராஜ்பேண்டு என்ற இசைச் செயலியும். அதில் அமைப்புகளுக்குள் மேம்பட்டவை, அதற்குள் ப்ளூடூத் மிடி சாதனங்கள் என்று போனால் கண்ட்ரோலர் நிற்கும். ஆப்பிள் 2014இலேயே ஐஓஎஸ் 8இல் இதைச் சேர்த்துவிட்டது; எனக்கு இணைப்பில் தொல்லையே வந்ததில்லை.

தொல்லை வந்தது ஆட்களால். ஐபேடு பீடத்துப் பக்கம் மிக்சரோடு இருந்தது, நான் குழுவோடு எதிர்ப்பக்கம். காலிக் கோவிலில் ஒத்திகை பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் இடையில் சபை நிறைந்ததும் ஸ்வரங்கள் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன. வேகமான இடத்தில் நாலு ஸ்வரம் வாசித்தால் முதல் இரண்டு பிந்தி, அடுத்த இரண்டோடு ஒட்டிக்கொண்டு ஒலித்தது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே குடித்துவிடும். போதாததற்கு எல்லார் பையிலும் செல்பேசி, கோவில் வைஃபையும் அதே அலைவரிசையில். ஆராதனை முடிந்த பிறகு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொன்னேன். ஐபேடைக் கீபோர்டுக்கு மேலேயே ஸ்டாண்டில் வைத்து, அங்கிருந்து மிக்சருக்கு ஒலிக்கம்பியை நீளமாக இழுத்துவிட்டேன். அதன் பிறகு அமைதி. வயர்லெஸ் என்றால் மேடைக்குக் குறுக்கே அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒரு முழ தூரம் போதும்.

இன்னொரு வேடிக்கை. ஒத்திகையில் ஒரு நாள் கண்ட்ரோலர் ஐபேடின் கண்ணிலேயே படவில்லை. அரைமணி நேரம் அணைத்து அணைத்துப் போட்டேன். பின்வரிசையில் டெனார் பாடும் பையன் தன் செல்பேசியில் செயலியைத் திறந்து அதைப் பிடித்துவைத்திருந்தான். பெரும்பாலான கண்ட்ரோலர்கள் ஒருவரோடு இணைந்துவிட்டால் மற்றவர்களுக்குத் தெரியாது. உங்கள் மடத்துப் பையன்களின் செல்பேசிகளைக் கவனியுங்கள்.

செல்பேசியில் வாசிப்பதானால் விமானப் பயன்முறையில் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள். இல்லையென்றால் அம்மன் பாட்டுக்கு நடுவில் யாரோ கூப்பிடுகிற மணி ஊர் முழுக்கக் கேட்கும்.

ஆனையூர் பேடு:

அக்கா சொல்வதைப் பார்த்தால் நான் சொன்னதுதானே சரி? ஒரு முழ தூரத்துக்கு எதற்கு வயர்லெஸ்? ஒரு முழ கேபிள் போட்டுவிட்டுப் போகலாம்.

பசுமலை குவையர்:

என் ஐபேடில் ஒரே துளைதான் தம்பி. அதில் சார்ஜர் போடவா, ஒலிக்கம்பி போடவா, கீபோர்டு போடவா? மூன்றையும் சேர்க்கும் ஹப் வாங்கினேன், அது பாதிப் பாட்டில் கழன்றது. கேபிள் என்றால் கோளாறே இல்லை என்பது கேபிளை யாரும் காலால் இடறாத வரைக்கும்தான்.

சோழவந்தான் பஜனைக்காரன்:

ஐயா, அக்கா, ஆனையூர் அண்ணன், மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன வரிசையிலேயே சோதித்தேன். திரையில் தட்டினாலும் ப்ளூடூத் ஸ்பீக்கரில் அதே தாமதம்தான். மடத்தில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயருக்குச் செல்பேசியிலிருந்து கம்பி போட்டேன். தாமதம் போய்விட்டது என்றே சொல்லலாம். தபேலாக்காரரும் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். இருப்பிடத்தை இயக்கியதும் கண்ட்ரோலர் செயலிக்குள்ளேயே வந்தது. லேப்டாப்பில் மிடிபெர்ரி வேலையை அண்ணன் மகன் செய்துகொடுத்துவிட்டான்.

பாக்கி மூன்று. சில நேரம் ஒரு ஸ்வரம் கையை எடுத்த பிறகும் நிற்காமல் ஊளையிடுகிறது. நாலரைக் கட்டைக்கு எங்கே மாற்றுவது, கண்ட்ரோலரிலா, செயலியிலா? பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறதே, அதைத் திருப்பினால் ஸ்வரம் வளைகிறது. ஆர்மோனியத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) வராது என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஆள் நான். இதில் தோடி ராகம் வாசிக்க முடியுமா? காந்தாரக் கட்டை இன்னும் அலறிக்கொண்டுதான் இருக்கிறது.

மாசிவீதிப் பெரியவர்:

ஊளை முதலில். கட்டையை அழுத்தினால் ஒரு குறிப்பு, எடுத்தால் ஒரு குறிப்பு. எடுத்த குறிப்பு போய்ச் சேருவதற்குள் இணைப்பு அறுந்தால் செயலிக்கு நீங்கள் கையை எடுத்ததே தெரியாது. சும்மா ஒரு குறிப்பு வழியில் தொலைவது அரிது. ப்ளூடூத் போய்ச் சேரும் வரை திரும்பத் திரும்ப அனுப்பும், அதனால்தான் பசுமலை அம்மாவுக்கு ஸ்வரங்கள் தொலையாமல் பிந்தி வந்தன. இணைப்பே அறுகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். பல செயலிகளில் "பேனிக்" என்று ஒரு பொத்தான் இருக்கும், எல்லா ஸ்வரத்தையும் அடக்கிவிடும். அது எங்கே இருக்கிறது என்பதை மேடை ஏறும் முன்னரே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

நாலரை என்றால் F ஷார்ப். C கட்டையை ஸட்ஜமாக வைத்து வாசித்துப் பழகியவர் என்றால் ஆறு அரைஸ்வரம் ஏற்ற வேண்டும், டிரான்ஸ்போஸ் என்ற இடத்தில் +6. மேலே போய்க் கீச்சென்று இருந்தால் −6, அதுவும் F ஷார்ப்தான், ஒரு ஸ்தாயி கீழே. கண்ட்ரோலரிலும் செய்யலாம், செயலியிலும் செய்யலாம், ஆனால் இரண்டில் ஒன்றில் மட்டும் செய்யுங்கள். இரண்டிலும் +6 வைத்தால் கணக்கு சுற்றி வந்து மறுபடி C யிலேயே நிற்கும், ஒரு ஸ்தாயி மேலே. நான் செயலியில் செய்யச் சொல்வேன். கண்ட்ரோலரை அணைத்துப் போட்டால் சில கருவிகளில் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும், பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் அது தெரியும். பெண்கள் ஐந்தரையில் பாடினால் G ஷார்ப், −4 வைத்தால் போதும்.

தோடி. இதைக் கேட்டீர்களே, அதற்காகவே கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தச் சக்கரம் பிட்ச் பெண்டு. சாதாரணமாக மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம் வளைக்கும். ஒலியளவு போன்றவற்றுக்கு மிடியில் 128 படிகள்தான், சக்கரத்துக்கு மட்டும் 16,384 படிகள். மற்றதைப் போல 128 தான் என்றால் நீட்டி வளைக்கும்போது படிக்கட்டில் இறங்குகிற மாதிரி கேட்டிருக்கும். தோடியின் காந்தாரம் சாதாரண காந்தாரம். C ஸட்ஜம் என்றால் E ஃபிளாட் கட்டை. அதன் அசைவு கீழே சுத்த ரிஷபத்துக்கும் மேலே சுத்த மத்திமத்துக்கும் நடுவில். கீழே இரண்டு அரைஸ்வரம், மேலே இரண்டு அரைஸ்வரம்! யாரோ ஜப்பான்காரரும் அமெரிக்கக்காரரும் தோடியை நினைத்தா வைத்தார்கள்? இல்லை, ஆனாலும் அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்துகிறது. காந்தாரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் சக்கரத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். துருத்தி போட்ட கைக்கு இது வேலையே இல்லை.

ஸ - ப என்று நீளமான ஜாருவுக்கு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது) ஏழு அரைஸ்வரம் வேண்டும், செயலியில் பெண்டு அளவை 7 அல்லது 12 என்று ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் 12 வைத்தால் சக்கரத்தில் நூலளவு அசைவும் அபஸ்வரமாகும். எனக்கு 2 தான் பிடிக்கும், மீதியை விரலால் சமாளிப்பேன். சக்கரம் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்தையும் சேர்த்து வளைக்கும் என்பதையும் மறக்காதீர்கள். சுருதிக்கு ஒரு கட்டையைப் பிடித்து வைத்திருந்தால் அதுவும் காந்தாரத்தோடு ஆடும். சுருதிப்பெட்டியைத் தனியே போடுங்கள், அல்லது வேறு சேனலில் வையுங்கள்.

மேடையைப் பற்றி நீங்கள் மூவரும் பேசியதற்கு என் முடிவு: கேபிள் பையில் இருக்கட்டும், செருகுவதற்கு யோசிக்க வேண்டாம். ஆனால் வயர்லெஸ்ஸைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ஜெனரேட்டர் ஓடுகிற ஊர் மேடையில் "ஹும்" என்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், கண்ட்ரோலரைத் திட்டாதீர்கள். ரேடியோ செட்காரரிடம் டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவில் போட்டு இரைச்சலைக் குறைக்கும் பெட்டி) இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்போது அலறும் கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் பட்டையில் இரண்டு சிறு கரும்பொட்டுகள் இருக்கும். அவை கரி கலந்தவை, மின்சாரம் போகும். கட்டையை அழுத்தும்போது ஒன்று முதலில் பலகையைத் தொடும், மற்றது சற்றுப் பின்னால் தொடும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் கருவி அளக்கிறது. நேரம் குறைவு என்றால் வேகமாக அடித்தீர்கள், சத்தம் பெரிது. முதல் பொட்டில் அழுக்கு இருந்தால் அது தொட்டதே தாமதமாகத்தான் தெரியும், இரண்டாவதோடு ஒட்டி. இடைவெளி இல்லை, எனவே ஓங்கி அடித்ததாகக் கணக்கு, 127. கோவில்களிலிருந்தும் பஜனை மடங்களிலிருந்தும் வரும் கீபோர்டுகளைத் திறந்தால் உள்ளே விபூதியும் சந்தனமும் அப்பியிருக்கும். பூஜை முடிந்த கையோடு வாசிக்க உட்காருகிறீர்கள், என்ன செய்வது.

பேட்டரியை எடுத்துவிட்டு அடிப்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றுங்கள். எந்தத் திருகாணி எந்தத் துளை என்று ஒரு தாளில் குத்திவையுங்கள், நீளம் மாறும். ரப்பர் பட்டையை இழுக்காமல் ஓரத்திலிருந்து தூக்குங்கள். பொட்டுகளையும் பலகையில் அவை தொடும் இடத்தையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், கரி உதிரும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள்.

சோழவந்தான் பஜனைக்காரன்:

திறந்துவிட்டேன் ஐயா. விபூதி இல்லை, குங்குமம். துடைத்தேன். ஆனால் காந்தாரத்துக்கு நேர்கீழே ரப்பரில் ஒரு பொட்டின் ஓரம் கிழிந்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் திறந்து பார்த்திருப்பார் போலிருக்கிறது. பட்டை தனியாகக் கிடைக்குமா?

மாசிவீதிப் பெரியவர்:

அந்த மாதிரிக்கு உதிரி கிடைப்பது கடினம். மேல் ஸ்தாயியில் இருக்கும் பட்டையை அளந்து பாருங்கள். நீளமும் பொட்டுகளின் இடமும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். கிழிந்தது மேலே போய்விடும், பஜனையில் அங்கே எத்தனை தடவை கை வைக்கப் போகிறீர்கள்? அளவு ஒத்துவரவில்லை என்றால் கருவியைத் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்து வாருங்கள். கிழிந்த துண்டையும் எறியாமல் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், கடை கிடையாது.